வராத ஆற்றுக்கு வாடகை

எங்கள் விடுதியில் ஏழு அறைகளுக்கு
ஆற்றைப் பார்த்த ஜன்னல்.
ஓர் இரவுக்கு இரண்டாயிரத்து நானூறு கூடுதல்.
மே மாதம் முழுக்க அந்த ஜன்னல்களில்
குடமுருட்டி என்று நாங்கள் விற்றது
மணல்,
மணலில் பையன்கள் ஸ்டம்புக்கு நட்ட மூன்று மூங்கில்,
நாணல் ஓரம் படுத்து அசைபோடும் எருமைகள்.
யாராவது கேட்டால்
'சீசன்' என்று சொல்லச் சொல்லியிருந்தார் மேனேஜர்.
அந்தச் சொல்லுக்கு எவரும் மறுகேள்வி கேட்டதில்லை.

ஜூன் ஒன்பதில் வந்திறங்கினாள் நெலிடா கிஸ்பே.
நாடு என்ற கட்டத்தில் பெரு.
ஊர் என்ற கட்டத்தில் உருபம்பா.
எழுத்துக் கூட்டிச் சொல்லும்போதே
உள்ளங்கை இரண்டையும் சாய்த்து
நடுவே ஒரு பள்ளம் காட்டினாள்.
அந்தப் பள்ளத்தில் ஓர் ஆறு, ஆற்றோரம் மக்காச்சோளம்,
இரவொன்றுக்கு நம் காசில் எண்பதாயிரம் வாங்கும் விடுதிகள்.
அதில் ஒன்றில் பதினோரு வருஷமாய்
இவள் அறைகளுக்கு மேற்பார்வை.

மறுநாள் பெருக்கப் போன ரஞ்சிதம் திரும்பி வந்து
'யக்கா, அந்தம்மா நம்மளவிட நல்லா
கட்டிலை விரிச்சிருக்கு' என்றாள்.
போய்ப் பார்த்தேன்.
விரிப்பின் மூலை தபால் உறை போல மடிந்திருந்தது.

கல்லணைவரை சுற்றிக் காட்டினான் டிரைவர் ஸ்டீபன்ராஜ்.
'மலை எங்கே' என்று கேட்டுக்கொண்டே வந்தாளாம்.
திருவையாற்றில் கோபுரத்தைக் காட்டினானாம்.
சிரிக்கவில்லையாம்.
வெகுநேரம் அண்ணாந்து நின்றுவிட்டு
'இதில் பனி விழுமா' என்றாளாம்.

இரவில் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது.
எனக்கு நைட் டியூட்டி.
நடுவில் ஒரு போன், அது எங்கள் இருவருக்கும் பேசியது.
அவள் ஊருக்கு வருகிறவர்களுக்கு மூச்சு முட்டுமாம்,
அறைக்கொரு ஆக்ஸிஜன் உருளை வைப்பார்களாம்.
இங்கே காற்று கூடுதலாம்.
கொழகொழவென்று, மென்று விழுங்க வேண்டியிருக்கிறதாம்.
கொசுவர்த்தியைக் கொளுத்தி அவள் காலடியில் தள்ளினேன்.

கேட்டுவிட்டேன் ஒருநாள்:
ஆறு தெரியும் என்று பணம் வாங்கினோமே, கோபமில்லையா?
போனில் ஒரு படம் எடுத்துக் காட்டினாள்.
ஜன்னல். ஜன்னலுக்குள் மலை.
மலை, அடிப்பிடித்த சட்டி நிறத்தில்.
'பனிமலை பார்த்த அறை' என்றாள்,
'நூற்றிருபது டாலர் கூடுதல்.'
பனி?
தோளைக் குலுக்கினாள்.
'சீசன்.'
நாங்கள் சிரித்த சிரிப்பில்
வாட்ச்மேன் வைத்தி டார்ச்சோடு ஓடிவந்தான்.

மேட்டூர் திறந்தது பன்னிரண்டு.
கல்லணை திறந்தது பதினைந்து.
பதினாறு விடிவதற்குள் வைத்தி வந்து கூப்பிட்டான்.

தண்ணீர் வரும்போது ஆறு மாதிரி வராது.
குப்பை தள்ளுகிற ஆள் மாதிரி வரும்.
சருகு, ஒற்றைச் செருப்பு, டீ கப், நுரை.
மணல் பொந்துக்குள் இறங்கி,
குமிழ் விட்டு,
யோசித்து நின்று,
வேறு வழி பார்த்து.
நடை பழகும் பிள்ளைகூட முந்திவிடும்.

நெலிடா மூன்று இலை கேட்டாள்.
சமையலறையில் கொழுந்து வெற்றிலைதான் இருந்தது.
உதட்டருகே பிடித்து ஊதி, குனிந்து விட்டாள்.
நுரை அதையும் குப்பையோடு சேர்த்துக்கொண்டது.

எட்டு மணிக்கே மேனேஜர்
ஆற்று ஜன்னலுக்கு நாலாயிரம் ஆக்கச் சொன்னார்.
ஒன்பதுக்கு அவள் கணக்கை முடித்தேன்.
ஆறு இரவு ஆறில்லை.
ஏழாவது இரவின் கடைசி ஒரு மணி நேரம் ஆறு.
பதினாலாயிரத்து நானூறைக் கழித்தேன்.
காரணம் எழுது என்றது கணினி.
சீசன், என்று அடித்தேன்.

மேனேஜர் இன்னும் பார்க்கவில்லை.
பார்த்தால் என் சம்பளத்தில்தான் பிடிப்பார்.
ஜன்னலில் எருமைகள் கரையேறிவிட்டன.
மூங்கிலில் இரண்டு சாய்ந்துவிட்டது.
மூன்றாவதைச் சுற்றிக்கொண்டு போகிறது
தண்ணீர்.